உங்கள் வீட்டில் எத்தனை அடுப்பு?

*16 ஆண்டுகளுக்குப் பிறகு வாசலுக்கு வருகிறது சென்சஸ். பதில் சொல்வது கட்டாயம். ஆனால் எதைச் சொல்ல வேண்டும், சொன்னால் என்ன ஆகும், சொல்லாவிட்டால் யாருக்கு நஷ்டம்?*

2011 மார்ச் 5. தென்காசிப் பக்கம் எங்கள் வீட்டுத் திண்ணை. பிப்ரவரியில் ஒருமுறை வந்து எல்லோரையும் எழுதிக்கொண்டு போன டீச்சர் மறுபடி வந்திருந்தார். தோளில் ஜோல்னாப் பை, அதற்குள் படிவக் கட்டு, கையில் கறுப்பு மைப் பேனா.

"நான் வந்துட்டுப் போன பெறகு வீட்ல யாரும் பொறந்தாகளா, தவறினாகளா?"

"பொறந்திருக்கான்லா!" ஆச்சிக்கு வாயெல்லாம் பல். அக்காவுக்குத் தலைப்பிரசவம். முந்தின நாள்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தாள். உள்ளறையில் பழைய நூல்சேலையை நாலாக மடித்துப் போட்டு, அதில் பிள்ளையைக் கிடத்தியிருந்தார்கள். தொட்டில்கூட இன்னும் கட்டவில்லை.

"எந்தத் தேதி ஆச்சி?"

"ஒண்ணாந்தேதி. வெள்ளன நாலேகால் மணிக்கு."

டீச்சர் பேனாவை மூடிவிட்டார். "அப்ப இவன எழுத முடியாது. ராத்திரி பன்னெண்டு மணிக்கு முன்னால பொறந்திருந்தா சேத்துக்கிடலாம்."

"இந்தா, கண்ணு முன்னால கெடக்கான். இல்லைங்கியளே!"

ஆச்சி கேட்டதும் நியாயம், டீச்சர் சொன்னதும் நியாயம். கோடிக்கணக்கான பேரைக் குழப்பமில்லாமல் எண்ண, எல்லோரையும் ஒரே நொடியில் நிறுத்தி வைத்துப் பார்த்தாக வேண்டும். அந்த நொடி, 2011 பிப்ரவரி 28 முடிந்து மார்ச் 1 பிறந்த நள்ளிரவு. அந்த நள்ளிரவில் இந்தியாவில் 121 கோடியே 8 லட்சம் பேர் இருந்தார்கள். தமிழ்நாட்டில் 7 கோடியே 21 லட்சம். அதில் ஆச்சி உண்டு. நாலேகால் மணி நேரம் தாமதமாக வந்த அக்கா மகன் இல்லை.

"அடுத்த தடவை எழுதிக்கிடுவோம், பத்து வருஷந்தானே" என்று சமாதானம் சொல்லிவிட்டுப் போனார் டீச்சர். பத்து வருஷத்தில் அது வரவில்லை. 2020 ஏப்ரலில் தொடங்க வேண்டிய வேலையைக் கொரோனா நிறுத்தியது. கொரோனா போன பிறகும் தேதி தள்ளிக்கொண்டே போனது. மருமகனுக்கு இப்போது மீசை அரும்பிவிட்டது. ப்ளஸ் ஒன் பையன். அவனும் அவனுக்குப் பின்னால் பிறந்த யாரும் இன்றுவரை எந்த சென்சஸிலும் இல்லை.

ஒருவழியாகத் தேதி வந்தது

2025 ஜூன் 16-ல் அரசிதழில் அறிவிப்பு வந்தது. இந்த முறை அந்த நள்ளிரவு, 2027 மார்ச் 1. பனி மூடும் லடாக், காஷ்மீர், இமாச்சல், உத்தரகாண்ட் பகுதிகளுக்கு மட்டும் 2026 அக்டோபர் 1. வேலை இரண்டு கட்டம். முதலில் வீடுகளைக் கணக்கெடுப்பது: 2026 ஏப்ரல் முதல் செப்டம்பருக்குள் ஒவ்வொரு மாநிலமும் தனக்கென 30 நாள் ஒதுக்கிக்கொள்ளும். அதற்கு 33 கேள்விகள். பிறகு 2027 பிப்ரவரியில் ஆட்களை எண்ணுவது. 1872-ல் தொடங்கிய வரிசையில் இது 16-வது. சுதந்திரத்துக்குப் பிறகு எட்டாவது. படிவக் கட்டு போய், கணக்கெடுப்பாளர் கையில் செல்போன் செயலி. அவர் வருவதற்கு முந்தைய 15 நாளில் நீங்களே இணையத்தில் பதிந்துகொள்ளவும் வழி உண்டு. 30 லட்சம் பணியாளர்கள், 11,718 கோடி ரூபாய் செலவு.

கூடவே ஒரு பெரிய மாற்றம். 1931-க்குப் பிறகு முதன்முறையாக எல்லோரின் சாதியும் எழுதப்படப்போகிறது. அதைப் பின்னால் பார்ப்போம்.

ஆயிரம் ரூபாயும் ஆச்சிக்குக் கிடைத்த சலுகையும்

பதில் சொல்லாவிட்டால் என்ன செய்வார்கள்? 1948-ம் ஆண்டு சென்சஸ் சட்டப்படி ஆயிரம் ரூபாய் வரை அபராதம். பெரிய தொகையில்லை. கட்டியவர் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. அதே சட்டம், நீங்கள் சொன்னதை அனுமதியின்றி வெளியே விடும் கணக்கெடுப்பாளருக்கு மூன்று ஆண்டு வரை சிறை வைத்திருக்கிறது. சொல்லாதவனைவிட, கேட்டதைக் கசியவிடுகிறவன் மேல்தான் சட்டத்துக்குக் கோபம் அதிகம். 15-வது பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது: சென்சஸ் பதிவை வேறு யாரும் புரட்டிப் பார்க்க முடியாது, சொத்து வழக்கிலோ விவாகரத்து வழக்கிலோ சாட்சியமாகக் கொண்டுவந்து வைக்கவும் முடியாது.

எனக்குப் பிடித்தது 8-வது பிரிவு. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று உத்தரவு போட்டுவிட்டு, உடனே ஒரு விலக்கு தருகிறது: எந்தப் பெண்ணும் தன் கணவர் பெயரையோ, வழக்கப்படி சொல்லக்கூடாத வேறொருவர் பெயரையோ சொல்லத் தேவையில்லை. 1948-ல் அந்தச் சட்டத்தை எழுதியவர்களுக்கு எங்கள் ஆச்சியைத் தெரிந்திருக்கிறது. பிப்ரவரியில் டீச்சர் தாத்தா பெயரைக் கேட்டபோது ஆச்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "குத்தாலத்துல இருக்காருல்லா, அந்தச் சாமி பேரு" என்றாள். டீச்சர் மறுகேள்வி கேட்காமல் எழுதிக்கொண்டார்.

அந்தப் பிரிவிலேயே இன்னொரு சொற்றொடர் இருக்கிறது. பதில், 'தனக்குத் தெரிந்த வரை, தான் நம்புகிற வரை' சரியாக இருந்தால் போதும். ஆச்சி வயதுக்கு எந்தச் சான்றும் கிடையாது. "சுதந்திரம் வந்தப்ப பாவாடை கட்டிட்டுத் திரிஞ்சேன், பத்து வயசு இருக்கும்." டீச்சர் விரல்விட்டுக் கூட்டினார், எழுதினார், தீர்ந்தது. ரேஷன் கார்டைக் காட்டு என்று சொல்லவில்லை. சென்சஸ் மனிதர்களின் வாய்ச்சொல்லை நம்பி நடக்கிற வேலை. இந்த நாட்டில் அரசாங்கம் குடிமகனிடம் தாள் கேட்காமல், அவன் சொன்னதை அப்படியே எழுதிக்கொள்ளும் காரியம் இதைப்போல் வேறு எத்தனை இருக்கிறது?

தாள் கேட்டவர்கள் வந்துபோன வாசல்

சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. சென்ற குளிர்காலத்தில்தான் அதே வாசலுக்கு எஸ்.ஐ.ஆர். (வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம்) படிவத்தோடு பி.எல்.ஓ. எனும் வாக்குச்சாவடி அலுவலர் வந்துபோனார். 2025 டிசம்பர் 19-ல் வரைவு வாக்காளர் பட்டியல் வெளியானபோது தமிழ்நாட்டில் 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் அதில் இல்லை. இறந்தவர், இடம் மாறியவர், இரட்டைப் பதிவு என்று காரணங்கள் உண்டு. ஆனால் வரிசையில் நின்று பெயர் தேடிய மனிதருக்கு மனதில் பதிந்தது ஒன்றுதான்: ஒருத்தர் படிவத்தோடு வந்தார், அப்புறம் பெயர் காணாமல் போயிற்று. அடுத்து ஒருவர் செல்போனோடு வந்து நின்றால் அவர் வேறு அலுவலகம், இவர் வேறு அலுவலகம் என்று யார் பிரித்துப் பார்க்கப் போகிறார்கள்? போதாததற்கு இரண்டு முறையும் வருவது பெரும்பாலும் அதே பள்ளிக்கூட டீச்சர்தான்.

பயத்துக்கு மக்களை மட்டும் குறை சொல்ல முடியாது. 2010-ல் வீட்டுக் கணக்கெடுப்போடு சேர்த்தே தேசிய மக்கள்தொகைப் பதிவேட்டுக்கும் விவரம் வாங்கினார்கள். ஒன்று 1948 சென்சஸ் சட்டத்தின் கீழ் வருவது, ரகசியம் காப்பது. மற்றொன்று குடியுரிமைச் சட்டத்தின் 2003 விதிகளின் கீழ் வருவது, ஆளாளுக்குப் பெயரோடு பதிவேடு போடுவது. ஒரே கையில் இரண்டு படிவம். 2020-லும் அப்படித்தான் திட்டமிட்டார்கள். பெற்றோர் பிறந்த ஊர் கேட்கப்படும் என்ற செய்தி பரவியது. குடியுரிமைத் திருத்தச் சட்டத்தோடு இந்தப் பதிவேட்டையும் எதிர்த்து, சென்னை வண்ணாரப்பேட்டையில் பெண்கள் தெருவில் உட்கார்ந்தார்கள். வாய்ச்சொல்லை வாங்கும் படிவத்தையும் ஆளை அடையாளம் காணும் படிவத்தையும் ஒரே பையில் போட்டது, என்னைக் கேட்டால், அரசாங்கம் தன் சென்சஸுக்குத் தானே செய்துகொண்ட கெடுதல்.

> வாசலில் நிற்பவர் யார்?
> கழுத்தில் அடையாள அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டின் சுவர், தரை, கூரை, குடிநீர், கழிப்பறை, சமையல் எரிபொருள், டி.வி., வண்டி, இணையம், வீட்டில் முக்கியமாகச் சாப்பிடும் தானியம் – இப்படிப் போகும் முதல் கட்டக் கேள்விகள். செல்போன் எண்ணும் கேட்பார்கள், சென்சஸ் தொடர்பான தகவலுக்கு மட்டும். ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், ஏ.டி.எம். பின், மாதச் சம்பளம் எதுவும் அந்த 33-ல் கிடையாது. இவற்றைக் கேட்பவர் கணக்கெடுக்க வந்தவர் இல்லை. கதவைச் சாத்திவிட்டு போலீஸுக்குச் சொல்லுங்கள்.

ஓர் உலை, ஒரு குடும்பம்

கேள்விகள் எளிமையாகத் தெரியும். உட்கார்ந்து பதில் சொன்னால்தான் வில்லங்கம் புரியும்.

'குடும்பம்' என்றால் என்ன? சென்சஸுக்கு ரத்த உறவு முக்கியமில்லை. வழக்கமாகச் சேர்ந்து வாழ்ந்து, ஒரே சமையலில் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம். நாலு பேச்சிலர்கள் ஒரு குக்கரில் பொங்கித் தின்றால் குடும்பம். ஒரே கூரையின் கீழ் மாமியாரும் மருமகளும் தனித்தனி உலை வைத்தால் இரண்டு குடும்பம். ஊர்ப்பக்கம் பாகம் பிரிவதற்கு முன்னால் அடுப்புதான் பிரியும் என்பது எல்லோருக்கும் தெரியும். சென்சஸும் அந்த இடத்தில்தான் கோடு போடுகிறது. குடும்பத் தலைவர் யார்? நீங்கள் யாரைச் சொல்கிறீர்களோ அவர்தான். சம்பாதிப்பவராகவோ ஆணாகவோ இருக்கத் தேவையில்லை.

'எழுத்தறிவு' உண்டா? ஏழு வயது நிறைந்தவருக்கு, ஏதாவது ஒரு மொழியில் புரிந்து படிக்கவும் எழுதவும் தெரிய வேண்டும். இரண்டும் வேண்டும். தினத்தந்தியைத் தலைப்பு முதல் ராசிபலன் வரை எழுத்துக்கூட்டிப் படித்துவிடும் பாட்டிக்கு எழுத வராதென்றால், அவர் எழுத்தறிவு இல்லாதவர் கணக்கில்தான் வருவார்.

'வேலை' பற்றிய கேள்விதான் மோசம். எங்கள் தெருவில் பாதி வீட்டில் பெண்கள் பீடி சுற்றுவார்கள். மடியில் தட்டு, தட்டில் இலையும் தூளும், விரல்கள் ஒரு நிமிஷம் நிற்காது. டீச்சர் கேட்கிறார்: "நீங்க என்ன வேலை பாக்கீங்க?" பதில் வருகிறது, தலைகூட நிமிராமல்: "நான் சும்மாத்தான் இருக்கேன்." கேட்டவர் களைத்துப் போயிருந்தால் 'வேலை இல்லை' என்று ஒரு கட்டத்தை நிரப்பிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். அந்த ஒரு 'சும்மா'வில் அவள் நாட்டின் உழைப்புக் கணக்கிலிருந்து விழுந்துவிடுகிறாள். இது தெரிந்துதான் 1991-லேயே கேள்விக்குள் ஒரு வரி சேர்த்தார்கள்: வயலிலோ குடும்பத் தொழிலிலோ கூலியில்லாமல் பார்க்கும் வேலையும் வேலைதான் என்று. வரி ஏறிவிட்டது, நாக்குக்கு இன்னும் பழகவில்லை. ஆகவே, இந்த முறை வாசலில் நிற்கும் அக்கா, அத்தை, மதினி எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள்: அந்தச் சொல்லைத் தயவுசெய்து சொல்லாதீர்கள்.

இன்னொரு பொதுவான தவறு, "எங்களை ஊர்ல எழுதிக்கிடுவாங்க." குலதெய்வத்தை ஊரில் வைத்திருக்கலாம், சென்சஸ் நீங்கள் குடியிருக்கும் இடத்தில்தான் எண்ணும். திருப்பூரில் தையல் மிஷினில் உட்கார்ந்திருக்கும் ஜார்க்கண்ட் பையன் திருப்பூரின் ஆள். பெங்களூரில் வேலை பார்க்கும் சங்கரன்கோவில்காரர் கர்நாடகத்தின் ஆள். இரண்டு இடத்திலும் 'அங்கே எழுதுவார்கள்' என்று நழுவினால் எங்கேயும் இல்லாமல் போவார். 2011 முடிந்ததும் நடத்திய சரிபார்ப்பு ஆய்வில், ஆயிரத்துக்குச் சுமார் 23 பேர் விட்டுப்போனது தெரிந்தது. 121 கோடிக்கு அது இரண்டரைக் கோடிக்கு மேல்.

> டி.வி. உண்டு, அது இல்லை
> 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு வீடுகளில் 87 சதவீதத்தில் டி.வி. இருந்தது. அரசே இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. வீட்டு வளாகத்துக்குள் கழிப்பறை இருந்தது 48 சதவீத வீடுகளில்தான். சீரியல் பார்த்துவிட்டு, சொம்போடு இருட்டுக்குக் காத்திருந்த பெண்களின் கணக்கு இது. வீட்டுக் கணக்கெடுப்பில் 'கழிப்பறை எங்கே?' என்று கேட்டால் முகம் சுளிக்காதீர்கள்.

எண்ணினால் என்ன ஆகும்?

சேலத்தில் என்ன ஆயிற்று என்று பாருங்கள். 1991 சென்சஸில் அந்த மாவட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட 1,000 ஆண் குழந்தைகளுக்கு 849 பெண் குழந்தைகள்தான் இருந்தார்கள். உசிலம்பட்டிப் பெண்சிசுக் கொலை பற்றி அதற்கு முன்பே பத்திரிகைகள் எழுதியிருந்தன. எழுதியதை மறுக்கவும் ஆள் இருந்தார்கள். வீடு வீடாகக் கேட்டு எழுதிய எண்ணை எப்படி மறுப்பது? 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் சேலத்தில்தான் தொடங்கியது. காணாமல் போன பெண் குழந்தைகளைப் பற்றிப் புகார் கொடுக்க எந்த வீட்டிலும் ஆள் இல்லை. அவர்கள் இல்லை என்று சொன்னது அந்தப் பட்டியலின் காலி வரிகள்தான்.

இன்றைய தென்காசிக்கு அப்படி ஒரு கண்ணாடி கிடையாது. 2011-ல் தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள், இப்போது 38. தென்காசி, கள்ளக்குறிச்சி, மயிலாடுதுறையெல்லாம் மாவட்டமாக நின்று ஒரு சென்சஸையும் பார்த்ததில்லை. வேலையின்மை எவ்வளவு, ரத்தசோகை எவ்வளவு என்று அவ்வப்போது வரும் மாதிரி ஆய்வுகள் பெரும்பாலும், எந்த ஊரைப் பொறுக்குவது என்பதற்கு 2011 பட்டியலைத்தான் கையில் வைத்திருந்தன. பதினைந்து வருஷம் பழைய சட்டையைக் காட்டி, இதே அளவில் தைத்துக் கொடு என்கிற கதை.

உணவுக்கும் அதே கணக்கு. 2013 தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் கிராமத்தில் 75 சதவீதம், நகரத்தில் 50 சதவீதம் பேருக்கு மலிவு தானியம் என்றது. 2011 எண்ணை வைத்து அது 81.35 கோடிப் பேர் என்று நின்றுவிட்டது. மக்கள்தொகை வளர்ந்தது, இந்த எண் வளரவில்லை. தமிழ்நாட்டில் எல்லோருக்கும் ரேஷன் என்பதால் கடைவாசலில் இது தெரியாது. வித்தியாசத்தை மாநிலக் கஜானா சுமக்கிறது. ஜார்க்கண்டிலும் பீகாரிலும் 2011-க்குப் பிறகு கல்யாணமாகித் தனி அடுப்பு வைத்தவர்களைக் கேட்டால் தெரியும்.

அடுத்தது, டீக்கடையில் ஓயாமல் அடிபடும் விஷயம்: தொகுதி. 1971-ல் இந்தியாவின் 54.8 கோடிப் பேரில் தமிழ்நாட்டின் பங்கு 7.5 சதவீதம். 2011-ல் 6 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்ததன் பலன். பங்கு குறைந்தால் தொகுதியும் குறையும்; அது எப்படி வலிக்கும் என்று நமக்கு ஏற்கெனவே அனுபவம் உண்டு: 1962 தேர்தலில் 41 எம்.பி.க்களை அனுப்பிய மாநிலம், 1961 சென்சஸுக்குப் பிறகு நடந்த மறுவரையறையில் 39 ஆகச் சுருங்கி 1967 தேர்தலைச் சந்தித்தது. 1976-ல் நெருக்கடி நிலைக் காலத்தில் 1971 எண்ணிலேயே இடங்களை உறைய வைத்தார்கள். 2001-ல் வந்த 84-வது திருத்தம், 2026-க்குப் பிறகு எடுக்கப்படும் முதல் சென்சஸ் வரை அந்த உறைவை நீட்டித்தது. 2027 மார்ச் 1 அந்தக் கோட்டைத் தாண்டி நிற்கும் தேதி. பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் தரும் 106-வது திருத்தமும் சென்சஸ், அதன் பிறகு மறுவரையறை என்ற வரிசையில்தான் தன் முறைக்குக் காத்திருக்கும்படி எழுதப்பட்டது.

"அப்ப நாம பதில் சொல்லாம இருந்தா?" என்று கேட்கிறவர்கள் உண்டு. கணக்கே தப்பு என்று சொல்ல விரும்புகிறவர்களுக்கு அது இனிக்கலாம். ஆனால் பங்கு குறையுமோ என்ற பயத்தில் ஆளையும் குறைத்துக் காட்டினால், குறைவது நம் பங்குதான். சண்டையைப் பாராளுமன்றத்தில் போடலாம், திண்ணையில் வேண்டாம்.

சாதியைக் கேட்டால் எதைச் சொல்வது?

1931-ல் கடைசியாக முழுமையாக எண்ணியபோது 4,147 சாதிகள் பட்டியலாயின. 2011-ல் தனியாக நடத்திய சமூகப் பொருளாதார, சாதிக் கணக்கெடுப்பில் வந்து விழுந்த பெயர்கள் 46 லட்சத்துக்கு மேல். மத்திய அரசே 2021-ல் உச்ச நீதிமன்றத்தில் இதைச் சொல்லி, பயன்படுத்த லாயக்கில்லை என்றது. எழுத்துப்பிழை, உட்பிரிவு, பட்டம், ஊர்ப்பெயர் எல்லாம் சாதியாகிவிட்டன. 'முதலியார்' என்று ஒருவர் சொன்னால் அவர் செங்குந்தரா, அகமுடையாரா, தொண்டைமண்டல வேளாளரா? பட்டம் ஒன்று, அரசுப் பட்டியலில் இடம் வேறு வேறு.

எண் இல்லாததன் விலையைத் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. வன்னியர்களுக்கு 10.5 சதவீத உள் ஒதுக்கீடு 2021-ல் உயர் நீதிமன்றத்திலும் 2022 மார்ச் 31-ல் உச்ச நீதிமன்றத்திலும் விழுந்தபோது, இன்றைய நிலையைக் காட்டும் தரவு எங்கே என்பது முக்கியமான கேள்வியாக இருந்தது. ஆதரித்தவருக்கும் எதிர்த்தவருக்கும் கையில் பல பத்தாண்டுகளுக்கு முந்தைய எண்தான். சாதிச் சான்றிதழில் என்ன பெயர் இருக்கிறதோ அதையே சொல்லுங்கள். சான்றிதழைக் காட்டத் தேவையில்லை, ஆனால் வீட்டில் ஒருமுறை எடுத்துப் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

டீச்சர் வருகிற நேரம்

பள்ளிக்கூட ஆசிரியரைப் பாடம் தவிர வேறு வேலைக்கு அனுப்பக்கூடாது என்கிறது கல்வி உரிமைச் சட்டத்தின் 27-வது பிரிவு. மூன்று விதிவிலக்கு: சென்சஸ், பேரிடர் நிவாரணம், தேர்தல். ஆகவே வகுப்பு முடிந்து, சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல், சார்ஜ் குறைந்துகொண்டிருக்கும் போனோடு உங்கள் காலிங்பெல்லை அழுத்துபவர் காலையிலிருந்து நாற்பது பிள்ளைகளோடு கத்திவிட்டு வந்தவராக இருக்கலாம். அவர் பொறுப்பில் ஏறத்தாழ 700, 800 பேர். தெருநாய், பூட்டிய கேட், "சார் வீட்ல இல்ல, அப்புறம் வாங்க." அப்பார்ட்மென்ட்களில் வாட்ச்மேனைத் தாண்டுவதே பெரும்பாடு, அந்த விஷயத்தில் குடிசைப் பகுதிகள் எவ்வளவோ மேல், உட்கார நாற்காலி போடுவார்கள். 2011 பிப்ரவரி 28 இரவில் இதே பணியாளர்கள்தான் பஸ் ஸ்டாண்டு, ரயில் நிலையம், கோயில் வாசல் என்று போய் வீடற்றவர்களை எழுதினார்கள். நாடு முழுக்க 17.7 லட்சம் பேர். ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்துவிட்டுப் பேச ஆரம்பியுங்கள்.

போன வாரம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். ஆச்சி இப்போது இல்லை. மருமகன் போனில் அந்த 33 கேள்விகளையும் எடுத்துவைத்து, தேர்வுக்குப் படிப்பது போல் உரக்கப் படித்துக்கொண்டிருந்தான். வீட்டில் இணையத்தில் பதிகிற வேலை அவன் தலையில்தான் விழும் என்று அவனுக்குத் தெரியும். தரை டைல்ஸ், கூரை கான்கிரீட், தானியம் அரிசி. சடசடவென்று போனவன் ஓரிடத்தில் நின்றுவிட்டான்.

"மாமா, ஒரே சமையல்னா ஒரே குடும்பமாம்."

"ஆமா."

அக்கா வீட்டில் இரண்டு வருஷமாக மாடியில் தனி அடுப்பு. அக்காவின் மாமியார் ஒரு தீபாவளிக்கு அதிரச மாவு விஷயத்தில் கோபித்துக்கொண்டு ஏறியவர், இறங்கவில்லை.

"காலைல நான் கீழ சாப்பிடுதேன். ராத்திரி அப்பாச்சி கூட மேல சாப்பிடுதேன். அப்ப நான் எந்தக் கணக்கு?"

அடுப்படியிலிருந்து அக்கா குரல் உடனே வந்தது: "கீழன்னு போடுல."

மாடிப்படியில் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். பையன் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தான்.